நூலையும் மின்னூலையும் ஆய்வேட்டில் சான்று காட்டுவது எப்படி? ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடோ ஆய்வுக் கட்டுரையோ எழுதுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு), எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் கையேடு), சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கையேடு) ஆகிய மூன்று நடைமுறைகளும் ஆங்கில நூல்களை மனத்தில் வைத்து உருவானவை. தமிழ்ப் பெயர்கள், தமிழ்ப் பதிப்புகள், ஸ்கேன் செய்த பழைய நூல்கள் என்று வரும்போது கையேட்டில் நேரடியான விடை கிடைப்பதில்லை. அந்த இடங்களைத்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

சான்று காட்டுவதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

நீங்கள் எந்தப் பிரதியைப் படித்தீர்களோ அதைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்து பிறந்தவைதான். உங்கள் ஆய்வேட்டைப் படிக்கும் ஒருவர், நீங்கள் பார்த்த அதே பக்கத்துக்குப் போய் அதே வரியைப் பார்க்க முடிய வேண்டும். 1894இல் வந்த புறநானூற்று முதல் பதிப்பை நீங்கள் கண்ணால் பார்க்காமல், அண்மைக்கால மறு அச்சு ஒன்றைப் படித்துவிட்டு 1894 என்று மட்டும் போட்டால், உங்கள் பக்க எண்ணைத் தேடிப் போகிறவர் வேறெங்கோ போய் நிற்பார். காற்புள்ளி இடம் மாறினால் திருத்திக்கொள்ளலாம். படிக்காத பதிப்பைப் படித்ததாகக் காட்டுவது அப்படிப்பட்ட பிழை இல்லை, அது நேர்மைக் குறைவு.

எந்த நடைமுறையைப் பின்பற்றுவது?

உங்கள் பல்கலைக்கழகமோ நீங்கள் அனுப்பப்போகும் ஆய்விதழோ எதைக் கேட்கிறதோ அதை. நெறியாளரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள், ஆய்வேட்டை முடித்த பிறகு மாற்றுவது பெரிய வேலை. பொதுவாக, சமூக அறிவியல், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏபிஏ. அதன் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது. இலக்கியத் துறைகளில் எம்எல்ஏ, 2021இல் வந்த 9ஆம் பதிப்பு. வரலாற்றுத் துறையில் அடிக்குறிப்போடு கூடிய சிகாகோ, அதன் 18ஆம் பதிப்பு 2024இல் வந்தது.

தமிழ்த் துறைகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம் ஒன்று உண்டு: பக்கத்தின் அடியிலோ இயலின் முடிவிலோ குறிப்பு எண், ஆசிரியர் பெயர், நூல் பெயர், 'ப. 45'. பக்கம் ஒன்றுக்கு மேல் போனால் 'பக். 45-48'. உடனே அடுத்த குறிப்பும் அதே நூல் என்றால் 'மேலது'. இது நல்ல வழக்கம்தான். ஒரே ஆய்வேட்டில் முதல் இயலில் இது, மூன்றாம் இயலில் ஏபிஏ என்று கலக்காமல் இருந்தால் போதும். 'மேலது' போட்ட பிறகு நடுவில் புதிய குறிப்பு ஒன்றைச் செருகினால் அது வேறு நூலைச் சுட்டிவிடும். அதனால் எழுதும் காலத்தில் முழுப் பெயரையும் போட்டுக்கொண்டு, கடைசித் திருத்தத்தில் மேலது ஆக்குவது பாதுகாப்பு.

ஒரே நூலை மூன்று நடைமுறையிலும் எழுதிக் காட்ட முடியுமா?

மு. வரதராசனின் தமிழ் இலக்கிய வரலாறு எல்லா நூலகங்களிலும் இருக்கும் நூல். சாகித்திய அகாதெமி 1972இல் வெளியிட்டது. பக்க எண் 45 என்பதை உதாரணத்துக்காகப் போட்டிருக்கிறேன்.

ஏபிஏ துணைநூற்பட்டியலில்: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.
கட்டுரைக்குள்: (வரதராசன், 1972, ப. 45)

எம்எல்ஏ பட்டியலில்: வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.
கட்டுரைக்குள்: (வரதராசன் 45)

சிகாகோ அடிக்குறிப்பில்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (சாகித்திய அகாதெமி, 1972), 45.

மூன்றிலும் ஊர்ப் பெயர் இல்லாததைக் கவனியுங்கள். பழைய கையேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் 'புது தில்லி' என்று சேர்ப்பார்கள். ஏபிஏ தன் 7ஆம் பதிப்பில் அதை விட்டுவிட்டது. எம்எல்ஏவும் பெரும்பாலும் கேட்பதில்லை. 1900க்குப் பிந்திய நூல்களுக்கு வேண்டியதில்லை என்று சிகாகோவும் 18ஆம் பதிப்பில் சொல்லிவிட்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களுக்கு ஊர்ப் பெயரை விடாதீர்கள். அந்தக் காலத்தில் பதிப்பகம் என்று தனியாக இருக்காது, அச்சுக்கூடத்தின் பெயர்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அச்சானதா, சென்னையில் அச்சானதா என்பதே அங்கே முக்கியமான செய்தி.

நூல் பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லும் விதி தமிழுக்கு ஒத்துவருவதில்லை. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாக வரையப்படவில்லை, நேர் எழுத்தையே மென்பொருள் சாய்த்துக் காட்டும். படிக்கக் கடினம். உங்கள் நிறுவனம் ஒத்துக்கொண்டால் தடித்த எழுத்தையோ ஒற்றை மேற்கோள் குறியையோ தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

தமிழர் பெயரில் எது 'கடைசிப் பெயர்'?

அதிகப் பிழை நேரும் இடம் இதுதான். நம் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் இருக்கும் எழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும், பின்னால் இருப்பது அவருடைய சொந்தப் பெயர். அந்தச் சொந்தப் பெயரில்தான் அகரவரிசையில் வர வேண்டும்: 'மீனாட்சிசுந்தரம், தெ. பொ.', 'கைலாசபதி, க.', 'வையாபுரிப்பிள்ளை, ச.' இதில் பிள்ளை என்பதைத் தனியாகப் பிரித்து 'பிள்ளை, ச. வையாபுரி' என்று ஆக்கக் கூடாது. மென்பொருள் தானாக அப்படிச் செய்துவிடும், பார்த்துத் திருத்த வேண்டும்.

பெண் எழுத்தாளர்கள் சிலர் கணவர் பெயரையோ தந்தை பெயரையோ முழுதாகப் பின்னால் சேர்த்து எழுதுவார்கள். நூலின் தலைப்புப் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ, நூலக அட்டவணைகள் எதை முதலில் வைக்கின்றனவோ, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாமாக ஒன்றை ஊகிக்க வேண்டாம்.

கட்டுரைக்குள் வெறும் 'சுப்பிரமணியன், 1985' என்று எழுதினால் எந்தச் சுப்பிரமணியன்? தமிழ்த் துணைநூற்பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். ஒரே பெயருடைய ஆசிரியர்கள் வந்தால் கட்டுரைக்குள்ளும் முன்னெழுத்தைச் சேர்க்க வேண்டும் என்பது ஏபிஏவின் விதிதான். நமக்கு அது விதிவிலக்காக இருக்காது, அன்றாடத் தேவையாக இருக்கும்.

புனைபெயரை அப்படியே எழுதலாம். 'புதுமைப்பித்தன்' என்றால் புதுமைப்பித்தன்தான், சொ. விருத்தாசலம் என்று மாற்ற வேண்டியதில்லை. டாக்டர், பேராசிரியர், கவிஞர், மகாமகோபாத்தியாயர் போன்ற அடைமொழிகள் பட்டியலில் வரா. இது அவர்களுக்கு மரியாதைக் குறைவு ஆகாது. மரியாதையை உங்கள் முன்னுரையில் காட்டலாம்.

எழுத்துக்கூட்டல் ஒரே ஆளுக்குப் பலவிதமாக இருக்கும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்றையும் மூன்று ஆசிரியர்களாகப் பட்டியலில் போட்டுவிடாமல் ஒன்றைத் தேர்ந்து எல்லா நூல்களையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள்.

அகரவரிசை தானாகச் சரியாக வருமா?

நம்ப வேண்டாம். யுனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ என்று எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண் வரிசையிலேயே அடுக்கும் மென்பொருளில் 'ஜெயகாந்தன்' ஞ-வுக்கு முன்னால் வந்துவிடுவார். தமிழ் முறைப்படி ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் னகரத்துக்குப் பின்னால். பட்டியலைக் கடைசியில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பதிப்பு, மறுபதிப்பு, அச்சு: எந்த ஆண்டைப் போடுவது?

கையில் இருக்கும் பிரதியின் ஆண்டை. பொருள் மாறாமல் மீண்டும் அச்சிட்டால் அது மறு அச்சு. ஆசிரியரோ பதிப்பாசிரியரோ திருத்தியிருந்தால் அது புதிய பதிப்பு. ஆனால் தமிழ்ப் பதிப்பகங்கள் பல, ஒவ்வொரு மறு அச்சையும் 'பதினைந்தாம் பதிப்பு' என்றே போடுகின்றன. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக 'மறு அச்சு' என்று திருத்தினால் நூலகத்தில் தேடுபவர் குழம்புவார்.

முதலில் வெளிவந்த ஆண்டும் உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால் இரண்டையும் கொடுக்கலாம். ஏபிஏவில் கட்டுரைக்குள் சாய்கோடு போட்டு (வரதராசன், 1972/2005) என்கிற மாதிரி எழுதுவார்கள். இங்கே 2005 என்பது மாதிரிக்கு எழுதியது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பாரதியார் கவிதைகளை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பக்க எண் வேறு, சில இடங்களில் பாடமே, அதாவது வரியின் சொற்களே வேறு. 'பாரதியார் கவிதைகள், ப. 120' என்று மட்டும் எழுதினால் அது எந்தப் புத்தகத்தின் 120ஆம் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. பதிப்பகமும் ஆண்டும் கட்டாயம் வேண்டும், கவிதையின் தலைப்பையும் சேர்த்தால் மிக நல்லது.

பழைய நூலில் 'ஜய வருடம்' என்று இருக்கிறது. ஆங்கில ஆண்டு இல்லை. என்ன செய்வது?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வரும். ஜய என்றால் 1894-95 ஆகலாம், 1954-55 ஆகலாம், 2014-15உம் ஆகலாம். காகிதம், அச்சுக்கூடம், முன்னுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் ஆங்கில ஆண்டு இரண்டில் படரும். மாதமும் இருந்தால் ஒன்றாகக் குறுக்கிவிடலாம். இல்லையென்றால் 'ஜய [1894-95]' என்று இரண்டையும் கொடுங்கள். நீங்கள் கணக்கிட்டுச் சேர்த்ததைச் சதுர அடைப்புக்குள் வைப்பது வழக்கம்.

திருவள்ளுவர் ஆண்டு எளிது, 31ஐக் கழித்தால் போதும். 2031 என்று அச்சிட்டிருந்தால் அது 2000. பக்க எண் தமிழ் எண்ணில் இருந்தாலும் தயங்க வேண்டாம்: ௨௰௫ என்பது 25. ஆண்டே எங்கும் இல்லை என்றால் 'ஆண்டு குறிப்பிடப்படவில்லை' என்பதற்கு ஒரு சுருக்கத்தை வைத்துக்கொண்டு, சுருக்க விளக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் பக்க எண் வேண்டுமா?

பாடல் எண்தான் முதன்மை. 'குறுந். 40' (குறுந்தொகை 40ஆம் பாடல்), 'புறம். 192' (புறநானூறு 192ஆம் பாடல்) என்றால் தமிழ் படித்த எவரும் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடுவார். அடி எண்ணையும் கொடுத்தால் நல்லது: 'புறம். 192:1'. இப்படி நிலைத்த எண் கொண்ட பழைய நூல்களுக்கு அந்த எண்ணையே தரலாம் என்று ஏபிஏவும் சொல்கிறது.

ஆனால் எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். 'கற்க கசடற' குறள் 391 என்று நாம் சொல்வது பரிமேலழகர் வரிசைப்படி. மணக்குடவர் உரையை ஆய்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியத்திலும் அப்படித்தான். இளம்பூரணர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை நச்சினார்க்கினியர் பிரித்திருக்கலாம். அதனால் நூற்பா எண்ணோடு உரையாசிரியர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

உரையிலிருந்தோ பதிப்பாசிரியரின் குறிப்பிலிருந்தோ எடுத்தால் பக்க எண்ணும் பதிப்பும் கட்டாயம் வரும். அந்தச் சொற்கள் கபிலருடையவை அல்ல, ஔவை துரைசாமிப்பிள்ளையுடையவையோ உ. வே. சாமிநாதையருடையவையோ. அவர்களுடைய உழைப்பை மூலநூலின் பெயருக்குள் மறைத்துவிடுவது பெரிய அநீதி. மூலபாடத்தை மேற்கோள் காட்டும்போதும் எந்தப் பதிப்பின் பாடம் என்று ஒருமுறையாவது சொல்லுங்கள். பாடபேதம் உள்ள இடத்தில் உங்கள் முடிவே அதைப் பொறுத்து மாறும்.

கிண்டிலில் படித்தேன். பக்க எண் இல்லை, லொக்கேஷன் எண்தான் இருக்கிறது. அதைப் போடலாமா?

ஏபிஏ, எம்எல்ஏ இரண்டும் வேண்டாம் என்கின்றன. கிண்டில் இல்லாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. சிகாகோவும் இயல் எண்ணைத்தான் விரும்புகிறது. வேறு வழியில்லாமல் லொக்கேஷன் கொடுத்தால் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது.

எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் பக்கம் மாறுகிற ஈபப், கிண்டில் வகை நூல்களில், நீங்கள் திரையில் பார்க்கும் 'பக்கம் 212' உங்கள் கருவிக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். சில கிண்டில் நூல்களில் அச்சுப் பதிப்பின் பக்க எண்ணையே இணைத்திருப்பார்கள். நூலின் விவரப் பகுதியில் எந்த அச்சுப் பதிப்பின் பக்கங்கள் என்று இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இயலின் பெயர், உட்தலைப்பு, அதன் கீழ் எத்தனையாவது பத்தி: '(இயல் 3, பத்தி 7)'. பத்தியை எண்ணுவது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவர் தேடிப் போகும்போது அது கைகொடுக்கும்.

பட்டியலில் எப்படி எழுதுவது? ஏபிஏவில் அச்சு நூலைப் போலவே எழுதி, டிஓஐ (மின்னாவணத்துக்கு நிலையாகத் தரப்படும் அடையாள எண்) இருந்தால் அதையும், இல்லாமல் நிலையான இணைய முகவரி இருந்தால் அதையும் கடைசியில் சேர்க்க வேண்டும். 'கிண்டில்' என்று குறிக்கச் சொல்வதில்லை. எம்எல்ஏவில் பதிப்பு வரும் இடத்தில் 'மின்னூல் பதிப்பு' என்று வரும். சிகாகோவில் கடைசியில் 'கிண்டில்' என்று வடிவத்தைச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் நூலுக்கு?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவற்றில் இருப்பவை பெரும்பாலும் அச்சு நூலின் படங்கள். அச்சுப் பக்கம் அப்படியே தெரிவதால், தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைப் போடுங்கள். பிடிஎஃப் செயலியின் பெட்டியில் தெரியும் எண்ணை அல்ல. அட்டை, முன்னுரை எல்லாவற்றையும் செயலி சேர்த்து எண்ணும், அதனால் அச்சில் 45 என்றிருப்பது அங்கே 61 ஆக இருக்கலாம்.

பட்டியலில் அச்சு நூலின் விவரங்களை முழுதாகக் கொடுத்து, கடைசியில் எந்த மின்னூலகம் என்பதையும் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். நூலகம் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி எண் உண்டு, அதையும் கொடுத்தால் இணைப்பு மாறினாலும் தேடிவிடலாம். சில ஸ்கேன்களில் தலைப்புப் பக்கம் கிழிந்திருக்கும், தளத்தில் யாரோ உள்ளிட்ட ஆண்டு மட்டும் இருக்கும். அந்த ஆண்டை வேறொரு நூலக அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பை மேற்கோள் காட்டலாமா?

காட்டலாம். 1998இல் தொடங்கி உலகம் முழுதும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து உருவாக்கிய தொகுப்பு அது. அவர்கள் இல்லாமல் இன்றைக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு சொல்லை நொடியில் தேட முடியாது. பயன்படுத்திவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கோப்பின் தலைப்பில் இருக்கும் மின்பதிப்பு எண், தயாரித்தவர் பற்றிய குறிப்பு, எந்த அச்சு நூலிலிருந்து எடுத்தது என்ற விவரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். மூல நூலின் விவரம் இருந்தால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

மீண்டும் தட்டச்சு செய்த உரை என்பதால் அதில் அச்சு நூலின் பக்க எண் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாடல் எண், இயல் எண்ணைக் கொடுங்கள். உங்கள் வாதம் ஒரே ஒரு சொல்லின் வடிவத்தின்மேல் நிற்கிறது என்றால், அந்த வரியை அச்சு நூலிலோ ஸ்கேனிலோ சரிபார்த்துவிட்டு அதையே சான்றாகக் காட்டுங்கள். தேடுவதற்கு மின்னுரை, நிறுவுவதற்கு அச்சுப் பதிப்பு.

ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறிக்க வேண்டுமா?

வேண்டாம், மூன்று நடைமுறைகளும் கேட்பதில்லை. நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அந்த அடையாள எண், நூலைத் தேட மட்டும் உதவும். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் இருக்கும், 2007க்கு முந்திய நூல்களில் 10 இலக்கமாக இருக்கும்.

ஒரு நூலில் மேற்கோளாக வந்ததை நான் எடுத்தாளலாமா?

மூலத்தைத் தேடிப் பாருங்கள். பழைய இதழ்களும் நூல்களும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கிடைக்கக்கூடும். உண்மையாகவே கிடைக்கவில்லை என்றால், மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, 'மேற்கோள்: இன்னார், 1990, ப. 77' என்று நீங்கள் படித்த நூலைக் காட்டுங்கள். பட்டியலில் படித்த நூல் மட்டும் வரும். இடைநூலை மறைத்துவிட்டு மூலத்தை நேரே பார்த்ததாக எழுதினால், இடைநூலில் இருந்த அச்சுப் பிழையும் உங்களோடு வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் சான்று வேண்டுமா?

வேண்டும். கருத்து அவருடையதுதானே. அதே போல, ஒருவரின் வாக்கியத்தை அப்படியே எடுத்துவிட்டு மேற்கோள் குறி போடாமல் கடைசியில் பெயரை மட்டும் போடுவதும் போதாது. கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்வதும் இல்லை. ஆகவே 'சதவீதம் ஏறிவிடும்' என்று பயந்து மேற்கோள் குறியை எடுத்துவிடுவது தலைகீழான வேலை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் துணைநூற்பட்டியல் கேட்கலாமா?

இல்லாத நூலை, இருப்பது போன்ற பெயரோடும் ஆண்டோடும் அது எழுதித் தரும். தமிழ் நூல்கள் பற்றிக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. நீங்களே சேர்த்த விவரங்களை ஏபிஏ வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லலாம், மாற்றியதை மீண்டும் சரிபார்க்கலாம். நூலே கண்ணில் படாமல் அது தந்த வரியை ஆய்வேட்டில் ஒட்டக் கூடாது.

இந்த வேலைக்கு ஜோட்டேரோ போன்ற இலவச மென்பொருள் நல்ல துணை. ஐஎஸ்பிஎன் கொடுத்தால் விவரங்களை இழுத்துவரும், ஆனால் தமிழ் நூல்களுக்குப் பெயர் சில சமயம் ஆங்கில எழுத்தில் வரும், முன்னெழுத்து இடம் மாறியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை திருத்தி வைத்துக்கொண்டால் ஆய்வேடு முழுவதற்கும் போதும்.

படிக்கும்போதே என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். மேற்கோள் எடுத்த பக்கத்தை, பக்க எண் தெரியும்படி இன்னொரு படம். மின்னூல் என்றால் தளத்தின் முகவரியும் பார்த்த தேதியும். நூலகத்தில் எடுத்த நூல் என்றால் அதன் அழைப்பு எண்ணையும் குறியுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வாய்மொழித் தேர்வுக்கு முன் நெறியாளர் ஒரு பக்க எண்ணைக் கேட்கும்போது, நூலகத்தில் அந்த நூல் வேறொருவர் கையில் இருக்கலாம்.